வட்டியில்லா வாகனம்



மார்க்க விஷயங்களையே எழுதிவந்த நாம் இம்முறை ஒரு மிதிவண்டியைப் பற்றி எழுதப்போகிறோம். இரு சக்கர வண்டியன்று. தண்ணீர்க் கேன்களும் பழைய இரும்புச் சாமான்களும் ஏற்றிச் செல்வார்களே, அந்த மூன்று சக்கர வண்டி. கடந்த ஓராண்டாக நம் குடும்பத்தின் வாகனம் அதுவே. அது வீட்டுக்கு வந்த வகையும், அதன் வழியே நாம் கற்றுக்கொண்ட பாடமும் வாசகர்களுள் சிலருக்கேனும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

நம் ஊர் குடிகாடு. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். ஒருபுறம் உப்பனாறு, மறுபுறம் இரவும் பகலும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. குடிக்கும் நீரைக் கேனில் வாங்கிப் பழகிவிட்ட ஊர். மருந்து, மளிகை, மீன், உறவினர் வீடு என எதற்கும் நான்கைந்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள கடலூர் முதுநகருக்கே செல்ல வேண்டும். வீட்டில் நாம் ஐந்து பேர்: நம் தாயார், துணைவியார், இரு பெண்மக்கள், நாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு வந்த பெருமழையில் தெருவில் நின்ற நீர், பன்னிரண்டு ஆண்டுகள் நமக்கு உழைத்த மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள் புகுந்துவிட்டது. பழுதுபார்க்கும் செலவைக் கேட்டபோது, அது வண்டியின் விலையை விட அதிகமாயிருந்தது. புதிய வண்டி வாங்கலாமென ஒரு விற்பனை நிலையத்துக்குச் சென்றோம். ரொக்கம் கொடுக்க நம்மிடம் வழியில்லை. தவணைத் திட்டத்தை அங்கிருந்த இளைஞர் கனிவோடு விளக்கினார். முப்பத்தாறு மாதங்களில் நாம் கட்டவேண்டிய மொத்தத் தொகையை அவரே ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினார். விலைக்கும் அத்தொகைக்கும் இடையிலிருந்த வேறுபாட்டின் பெயர் வட்டி.

இருபது ஆண்டுகளாக மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்கு வட்டியின் தீமையைப் போதித்துவருகிறோம். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். உண்மையைச் சொன்னால், அதைக் கிழித்தெறிய இரண்டு நாள்கள் ஆயின. "காலம் இப்படி, நிர்ப்பந்தம் இப்படி" என்று மனம் காரணங்களைத் தேடிக்கொண்டேயிருந்தது. பிறர் கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லியிருப்போம். நமக்கென்று வந்தபோது அவ்வாக்கியம் வாயில் வரவில்லை.

வழியைக் காட்டியவர் நம் துணைவியார். அவர் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்ததை மூத்தவர்கள் அறிவர். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். குவாரிக் கூலிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் வீதியில் மிதிவண்டி ஓட்டினர். நம் மாமியாரும் அவர்களுள் ஒருவர். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, ஓரத்தில் தொங்கும் தண்ணீர்க் குடம் என அவர் சென்றதைத் துணைவியார் அடிக்கடி சொல்வார்.

"பெட்ரோல் போடாத வண்டி ஒன்று தண்ணீர்க் கேன் போடுகிறவரிடம் இருக்கிறதுங்க. அவர் சரக்கு ஆட்டோ வாங்கிவிட்டார். இதை விற்கப்போகிறாராம்" என்றார் ஒரு நாள்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நண்பர் ஒருவரிடம் ஒன்பதாயிரம் ரூபாய் கர்ளே ஹஸனாவாக, அதாவது வட்டியில்லா அழகிய கடனாகப் பெற்றோம். கடன் விவரத்தை எழுதி, இருவர் சாட்சியிட்டுக் கொடுத்தோம். கடனை எழுதிக்கொள்ளுமாறு இறைமறை இடும் கட்டளையைப் பாடமாக நடத்திய நாம், அதை முழுமையாக நிறைவேற்றியது அன்றுதான். 2025 ஜனவரியில் வண்டி வீட்டுக்கு வந்தது.

இனி நாம் மறைக்க விரும்பும் பகுதி. வண்டி வந்த முதல் மாதம் முழுவதும் அதை இஷாத் தொழுகைக்குப் பின்னரே வெளியில் எடுத்தோம். பகலில் அது கொல்லையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. "ஹஜ்ரத் மீன்பாடி வண்டி மிதிக்கிறார்" என்று பிள்ளைகளின் பெற்றோர் பேசுவார்களே என்ற கூச்சம். காரணம் கேட்ட துணைவியாரிடம், இரவில் வெயில் இல்லை, சாலையில் கூட்டம் இல்லை என்றோம். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் காரணமல்ல.

நம் தாயாருக்கு மூட்டுத் தேய்மானம். மோட்டார் சைக்கிள் இருந்த நாளிலேயே அதில் ஏற அவரால் இயலவில்லை. அவருடைய மூத்த சகோதரி, நம் பெரியம்மா, முதுநகரில் படுக்கையில் இருந்தார். ஆட்டோவுக்குப் போக வர ஆகும் செலவை எண்ணியே நம் தாயார், "அக்காவைப் பார்க்க வேண்டும்" என்று வாய்திறந்து கேட்காமல் இருந்திருக்கிறார். இரண்டு சகோதரிகள் ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் ஏழு மாதங்கள் ஒருவரையொருவர் காணாதிருந்தனர். சொந்தபந்தங்களைச் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நாமும் பாடமாகச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்குள் இது நடந்ததை நாம் கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு, வண்டியின் தட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, தாயாரை அமர்த்திப் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். சகோதரிகள் இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சில் மணி பத்தாகிவிட்டது. திரும்பும் வழியில் தொழிற்பேட்டைச் சாலையின் முகப்பில் ஒரு லாரி திரும்பியது. நம் வண்டியில் விளக்கு இல்லை. பின்புறத்தில் பிரதிபலிக்கும் சிவப்பு வில்லைகூட இல்லை. ஓட்டுநர் மிக அருகில் வந்த பிறகே நம்மைக் கண்டிருக்கிறார். அவர் பிரேக்கை அழுத்திய ஓசையில் நாம் கைப்பிடியைச் சட்டென இடப்பக்கம் ஒடித்தோம். சக்கரம் தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்க, கட்டப்படாத நாற்காலி சரிந்தது. தாயார் பக்கக் கம்பியில் மோதி விழுந்தார்.

லாரி ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டார். தம் குடிநீரைக் கொடுத்தார். பின்னர் நம்மிடம், "பெரியவரே, ஒரு லைட்டுகூட இல்லாம வயசான அம்மாவ கூட்டிட்டு வர்றீங்களே" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுவதைப் போலச் சொன்னார். அவர் குரல் நடுங்கியது.

மணிக்கட்டில் எலும்புக் கீறல். மூன்று வாரங்கள் கட்டு. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவோடு போயிற்று. மறுநாள் தாயார் நம்மிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன்ப்பா, பகல்ல போயிருக்கலாமே?"

அவருக்குப் பதில் சொல்ல நமக்குத் துணிவில்லை. நம்முடைய கூச்சத்தை இருட்டில் மறைக்கப் போய், பெற்ற தாயை இருட்டில் ஏற்றிச் சென்றோம் என்பதே பதில். பெருமை என்பது விலையுயர்ந்த ஆடையிலும் வாகனத்திலும் மட்டும் இருப்பதாக எண்ணியிருந்தோம். பழைய மிதிவண்டியை ஒளித்து வைப்பதிலும் அது இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கழுதையின் மீது ஏறிச் சென்றதையும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதே நாவுதான்.

அன்றே வண்டியை முதுநகர்ச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம்; பட்டப்பகலில், கடைவீதி வழியாக. செய்த வேலைகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். வாங்க எண்ணுவோருக்கு உதவும்.

முதலாவது தடுப்பு. வண்டி நம்மிடம் வந்தபோது முன்சக்கரத்துக்கு மட்டுமே பிரேக் இருந்தது. சுமை பின்னால் இருக்க, தடுப்பு முன்னால் மட்டும் இருந்தால் இறக்கத்தில் வண்டி நிற்காது. பின் அச்சில் பட்டை பிரேக் பொருத்தினோம். சரிவில் நிறுத்தும்போது வண்டி உருளாதிருக்க, கயிற்றில் கட்டிய இரண்டு மரக்கட்டைகளும் தட்டின் அடியில் தொங்குகின்றன.

இரண்டாவது வெளிச்சம். முன்னால் மின்கல விளக்கு, பின்னால் சிமிட்டும் சிவப்பு விளக்கு, நாற்புறமும் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒட்டுப்பட்டைகள். அனைத்துக்கும் சேர்த்து ஆன செலவு, அன்றைய எக்ஸ்ரேவுக்கும் கட்டுக்கும் ஆனதில் பாதிகூட இல்லை.

மூன்றாவது இருக்கை. வெல்டிங் பட்டறையில் தட்டைச் சுற்றி ஓரடி உயரத்துக்குக் கம்பித் தடுப்பு வைத்தோம். தாயாருக்கென முதுகுச் சாய்வும் கைப்பிடிகளும் உள்ள இருக்கையை நான்கு போல்ட்டுகளால் தட்டோடு இறுக்கினோம். சரக்கு ஏற்றும்போது கழற்றிவிடலாம். பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் நீளமான பலகை, இடுப்புக்குப் பட்டை. ஏறுவதற்குப் பின்புறம் இரண்டு படிகள். வெயிலுக்கும் மழைக்கும் வளைந்த கம்பிகளின் மீது தார்ப்பாய்க் கூரை. காற்று பலமாக வீசும் நாளில் கூரையைச் சுருட்டிவிட வேண்டும்; இல்லையேல் பாய்மரம் போல் வண்டியை இழுக்கும்.

நான்காவது சுமை. நமக்கு விற்றவர் அதில் பன்னிரண்டு கேன்கள் ஏற்றியதாகச் சொன்னார். இருபது லிட்டர் கேன் ஒன்றின் எடை இருபது கிலோவுக்கு மேல். ஆக இருநூற்று நாற்பது கிலோ. நாம் நூற்றிருபது கிலோவை வரம்பாக வைத்துக்கொண்டோம். நிறைந்த சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ முப்பது கிலோ. ரேஷன் அரிசியும் மளிகையும் சேர்ந்தாலும் வரம்புக்குள் அடங்கும். தம்மைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்கியதாக ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்ட செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இவ்வண்டியில் ஒட்டகம் நாமே. முழங்காலும் ஓர் அமானிதம்தான்.

ஐந்தாவது ஓட்டும் முறை. இரு சக்கர வண்டியைப் போல் இது வளைவில் சாயாது. வேகமாகத் திருப்பினால் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பாரமானவற்றைத் தட்டின் அடியிலும் பின் அச்சை ஒட்டியும் வைக்க வேண்டும், உயரமாக அடுக்கலாகாது. சாலை இடப்பக்கம் சரிந்திருந்தால் வண்டியும் அப்பக்கமே இழுக்கும். முதல் வாரம் தோள் வலிக்கும், பின்னர் பழகிவிடும். காற்றழுத்தம் குறைந்தால் மிதிப்பது இரட்டிப்புச் சிரமம். வாரந்தோறும் காற்று, பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய். உப்புக்காற்று வீசும் ஊரில் இதைத் தவறவிட்டால் துரு தின்றுவிடும்.

சிலர், பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்திவிடலாமே, சென்னையில் மீன்பாடி வண்டிகள் அப்படித்தானே ஓடின என்றனர். அவ்வாறு செய்தால் அது பதிவும் காப்பீடும் உரிமமும் வேண்டிய மோட்டார் வாகனமாகிவிடும். வீட்டுப் பட்டறையில் கோத்த வண்டிக்கு அவை கிடைப்பதில்லை. நாட்டின் சட்டத்தை மீறி ஓட்டுவது ஒரு ஆசிரியருக்கு அழகல்ல என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

மனிதனை மனிதன் இழுத்துச் செல்லும் கை ரிக்‌ஷாவை 1973இல் தமிழக அரசு ஒழித்த நாட்டில், தாயை ஏற்றி மிதிப்பது எந்த வகையில் சேரும் என ஒரு நண்பர் கேட்டார். கூலிக்காக ஒருவரின் முதுகை முறிப்பது வேறு. மகன் தாயைச் சுமப்பது வேறு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் வசதி படைத்தவர்களும் முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர மிதிவண்டிகளில் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். கிறிஸ்டியானியா என்னும் பெயரில் அத்தகைய வண்டிகள் 1984இல் அங்கே செய்யப்படத் தொடங்கின. அங்கே குடும்ப வாகனமாகத் தெரிவது இங்கே நமக்குக் கூலி வண்டியாகத் தெரிகிறது. குறை வண்டியில் இல்லை.

2025 மார்ச்சில் ரமளான் பிறந்தது. பள்ளிவாசலில் அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி இறக்கியதும், வர இயலாத முதியோர் வீடுகளுக்கும் பின்தெருக் குடும்பங்களுக்கும் தூக்குகளில் ஊற்றிக் கொண்டுசேர்க்கும் பணி நம் வண்டிக்கு வாய்த்தது. மதரஸாப் பிள்ளைகள் ஓடிவந்து தூக்குகளை ஏற்றினர். ஒருவருக்கு அவருடைய வாகனத்தில் சுமையை ஏற்றிவிடுவதும் தர்மம் என்ற நபிமொழியை அங்கேயே, வண்டியருகில் நின்று பாடமாகச் சொன்னோம். வகுப்பறையில் சொன்னபோது கொட்டாவி விட்டவர்கள், அன்று யார் முதலில் ஏற்றுவது எனச் சண்டையிட்டனர்.

"ஹஜ்ரத், நாளைக்கும் வண்டி வருமா?" என்று கேட்டான் ஒரு சிறுவன். அவனுடைய தந்தைக்கு அஞ்சியே ஒரு மாதம் நாம் இரவில் மிதித்தோம். அந்தத் தந்தை பின்னர் நம்மைச் சந்தித்தபோது, இப்படியொரு வண்டி எங்கே கிடைக்கும் என்றுதான் விசாரித்தார்.

காலையில் இளைய மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர் துணைவியார். பர்தாவோடு அவர் மிதிப்பதைச் சிலர் முகம் சுளித்துப் பார்த்தனர். ஒட்டகத்தில் ஏறிச் செல்லும் பெண்களுள் சிறந்தவர்கள் எனக் குறைஷிக் குலப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்ததையும், பிள்ளைகள் மீது அவர்கள் காட்டும் பரிவை அதற்குக் காரணமாகச் சொன்னதையும் புகாரியில் காணலாம். கேட்டவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னோம். கேளாதவர்களிடம் விவாதிக்கவில்லை.

நம் பெண்மக்களுக்குப் பிடித்தது வேறொரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது வீட்டுப் பிள்ளைகள் எதிர்கொண்டு வரவேற்பார்கள். ஒருமுறை சிறுவர் அப்துல்லாஹ் பின் ஜஅஃபரை (ரலி) முன்னாலும், ஃபாத்திமா (ரலி) அவர்களின் மைந்தர்களுள் ஒருவரைப் பின்னாலும் அமர்த்திக்கொண்டு, ஒரே வாகனத்தில் மூவராக மதீனாவுக்குள் நுழைந்தார்கள் என முஸ்லிம் நூலில் உள்ளது. "நாம் அஞ்சு பேர் அத்தா" என்பாள் இளையவள், கணக்கில் தான் வென்றுவிட்டதைப் போல.

ரமளானுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும், பகல் வெளிச்சத்தில், தாயாரைப் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். வண்டி நகருமுன் வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைத் தாயார் உரக்க ஓதுவார். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நம் ஆற்றலால் இது ஆகியிராது, நாம் நம் இரட்சகனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் கருத்து. மோட்டார் சைக்கிளில் அதை எத்தனையோ ஆண்டுகள் முணுமுணுத்திருக்கிறோம். சொந்தக் காலால் மிதித்து ஏற்றம் ஏறும்போதுதான், நம் ஆற்றலால் ஆவதில்லை என்பதன் பொருள் நெஞ்சில் இறங்கியது.

பெருநாளுக்கும் சென்றோம். ஜூன் மாதம் ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி இறைச்சியைப் பங்கு வைத்து வீடுவீடாகக் கொடுத்துவிட்டு, கழுவிய வண்டியில் தாயாரை ஏற்றிக்கொண்டு போனோம். பெரியம்மாவால் அப்போது அதிகம் பேச இயலவில்லை. தங்கை அவருக்குத் தலைவாரிவிட்டு, ஊட்டிவிட்டார். அதற்குப் பின் இரண்டு வெள்ளிக்கிழமைகள்தாம் அவர்களுக்கு வாய்த்தன. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது தாயார், "பதினொரு வெள்ளிக்கிழமை பார்த்தேன்" என்றார். எண்ணி வைத்திருந்தார். தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தால் தாயாரால் அதில் ஏறியிருக்க முடியாது. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட அவருக்குக் கிடைத்திராது. நாம் கூச்சப்பட்டு இருளில் ஒளிந்த அந்த ஒரு மாதத்தில் நான்கு வெள்ளிக்கிழமைகள் இருந்தன. அவற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

இவ்வண்டியால் எல்லாம் ஆகிவிடாது. சிதம்பரம் போகப் பேருந்துதான். அடைமழையில் வெளியே எடுப்பதில்லை. நெடுஞ்சாலையைக் கடக்க நேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கிறோம்; அதில் அவமானம் ஏதுமில்லை. அவசர நோய்க்கு 108ஐ அழைப்போம். ஆயினும் ஓராண்டில் பெட்ரோலுக்குப் போகாத பணத்தில் நண்பரின் கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது. எழுதிய தாளைச் சாட்சிகள் முன்னிலையில் அவர் நம்மிடம் திருப்பித் தந்தார். தவணைத் திட்டம் எழுதிய தாள் கிழிந்துபோனது. இந்தத் தாளைப் பிள்ளைகள் பார்க்கும்படி வைத்திருக்கிறோம்.

நிர்ப்பந்தம் என்று நம் மனம் சொல்வதெல்லாம் நிர்ப்பந்தமா, அல்லது நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமா என்பதை ஒருமுறை தனியே அமர்ந்து பிரித்துப் பார்ப்போம். உங்கள் வீட்டிலும் வாய்திறந்து கேட்காத ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவரிடம், யாரைப் பார்க்க விருப்பம் என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

வட்டியின்றி வாழவும், உறவுகளைச் சேர்ந்து வாழவும், பெற்றோருக்குப் பணிவோடு தோள் கொடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. நம் பெரியம்மாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய மண்ணறையை விசாலமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.